கழிவைக் காணும் கண்

தையற்கடையில் சட்டைத் துணியைக் கொடுத்தவர், பின்பு வந்து சட்டையை மட்டுமே கேட்டு வாங்கிச் செல்வர். வெட்டி எறிந்த துண்டுகள் எங்கே என்று கேட்பவர் அரியர். அத்துண்டுகளும் அவர் விலை கொடுத்து வாங்கிய துணியே. ஒரு நாளில் கடையின் தரையில் எவ்வளவு துணி சிதறுகின்றது என்பதைக் கணக்கெழுதுபவர் அறியார். கடையின் உரிமையாளர் அறிவதும் ஐயமே. கத்தரி பிடித்தவருக்குத்தான் அது தெரியும். துணியைச் சற்றுத் திருப்பிப் போட்டு, கோட்டை வேறு வகையாக வரைந்தால் ஒரு சாண் மிஞ்சும் என்பதும் அவருக்கே தெரியும். ஆனால், அவரை அழைத்து அதைப்பற்றி வினவுவார் இல்லை.

பெரிய தொழிற்சாலைகளிலும் நிலைமை இதுவே. அங்கே சிதறுவது துணி மட்டுமன்று. எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதி வீணே காற்றில் கலக்கின்றது. சாயமும் அமிலமும் கழுவுநீரோடு வெளியேறுகின்றன. இவற்றுக்கு நெடுங்காலமாகத் தேடப்பட்ட பரிகாரம், முனையில் நின்று காவல் காப்பதே ஆகும். புகைபோக்கியின் தலையில் ஒரு வடிகட்டியை வைப்பர். கழிவுநீர் வெளியேறும் வாயிலில் தூய்மை செய்யும் தொட்டியைக் கட்டுவர். இக்காவல் வேண்டாதது என்று சொல்வதற்கில்லை. ஆனால், அதற்குச் செலவு மிகுதி. அன்றியும், வடிகட்டியில் தங்கிய தூளையும் தொட்டியின் அடியில் படிந்த சேற்றையும் எங்கே கொண்டு கொட்டுவது என்னும் வினா எஞ்சி நிற்கும். புகையாய்ப் போகவேண்டிய நஞ்சு இப்போது சேறாய்க் கிடக்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

முனையில் தடுப்பதை விடுத்து முதலிலேயே தடுத்தால் என்ன? இவ்வினாவை ஒரு பெரிய நிறுவனம் தன் ஊழியர் அனைவர் முன்பும் வைத்த ஆண்டு 1975. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 3எம் என்னும் நிறுவனம் ஒட்டுநாடா, உப்புத்தாள் முதலிய பல்லாயிரம் பொருள்களைச் செய்வது. அங்கே சுற்றுப்புறப் பொறியியல் துறைக்குத் தலைவராயிருந்த ஜோசப் லிங் என்பவர், ‘மாசு தடுத்தல் ஆதாயம் தரும்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். வணிகர் செவிக்கு இனிக்கும் பெயர். தெரிந்தே சூட்டினர் போலும்! ஊழியர் எவரும் தாம் வேலை செய்யும் இடத்தில் மாசு பிறவாமல் தடுக்கும் வழி ஒன்றைக் கண்டு எழுதித் தரலாம் என்பது அத்திட்டம். கட்டாயம் ஏதுமில்லை. மூலப்பொருளை மாற்றலாம், செய்முறையை மாற்றலாம், கருவியைத் திருத்தி அமைக்கலாம், எஞ்சியதை மீண்டும் பயன்படுத்தலாம்.

அவ்வாறு வந்த யோசனைகளுள் ஒன்றைக் காண்போம். கலிபோர்னியாவில் அந்நிறுவனத்துக்கு மருந்துத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. மாத்திரைகளின்மேல் பூசும் பூச்சினை எளிதில் ஆவியாகும் கரைப்பானில் கரைத்துப் பூசிவந்தனர். பூச்சு உலரும்போது கரைப்பான் முழுவதும் காற்றில் கலக்கும். அதனைத் தடுக்கும் சாதனங்களைப் பொருத்துவதாயின் 1,80,000 டாலர் செலவாகும். ஊழியர்கள் வேறு வழி கூறினர். கரைப்பானுக்குப் பதிலாக நீரில் கரையும் பூச்சைப் பயன்படுத்தலாம் என்றனர். அதற்கேற்பக் கருவிகளை மாற்ற 60,000 டாலரே ஆயிற்று. ஆண்டுதோறும் கரைப்பான் வாங்கிய செலவில் 15,000 டாலர் மிஞ்சியது. காற்றில் கலந்துவந்த 24 டன் மாசும் நின்றது. மற்றொரு தொழிற்சாலையில் மின்சுற்றுக்குரிய செம்புத் தகடுகளை அமிலங்களைத் தெளித்துத் துலக்கி வந்தார்கள். அங்கிருந்தவர்கள் நுரைக்கல் தூளும் சுழலும் தூரிகையும் கொண்டு தேய்த்துத் துலக்கும் பொறியை அமைத்தனர். பாத்திரம் துலக்கும் எவரும் அறிந்த முறைதான் அது. அமிலக் கழிவு அதனோடு ஒழிந்தது.

இவற்றைப் படிப்போர்க்கு, ‘இவ்வளவு எளிதாயின் முன்னமே ஏன் செய்யவில்லை?’ என்று தோன்றும். அங்கேதான் பயிற்சியின் தேவை விளங்குகின்றது. ஆலைக்குள் முதன்முதல் நுழைபவரின் காதை அடைக்கும் இரைச்சல், பத்து நாள் அங்கே வேலை செய்தவருக்குக் கேட்பதே இல்லை. கழிவும் அத்தகையது. நாள்தோறும் ஒரே இடத்தில் ஒழுகும் நீராவி, கட்டடத்தின் ஓர் உறுப்பாகவே கண்ணுக்குப் படத் தொடங்கும். அருகில் நிற்பவரே அறிவார் என்று முன்னர்க் கூறினோம். அறிந்தும் காணாதவராய் அவர் இருத்தலும் உண்டு. பழகிய கண்ணைப் புதிய கண்ணாக்குவதற்குக் கல்வி வேண்டும். அக்கல்வி ஒரு நிறுவனத்தில் எவ்வாறு அளிக்கப்பட்டது என்பதை இனிப் பார்ப்போம்.

ஜார்ஜியா மாநிலத்தின் லகிராஞ்சு என்னும் ஊரில் ரே ஆண்டர்சன் என்பவர் 1973இல் இன்டர்ஃபேஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அலுவலகங்களின் தரையில் ஓடுபோலப் பதிக்கும் சதுரக் கம்பளங்களைச் செய்வது அதன் தொழில். கம்பளத்தின் மேலிருக்கும் நைலான் இழை பெட்ரோலியத்திலிருந்து வருவது; அடித்தகடும் அவ்வாறே. அவற்றைச் செய்வதற்கு எரிப்பதும் எண்ணெயும் எரிவாயுவுமே. உழைத்துத் தேய்ந்த கம்பளமோ மண்ணில் புதைக்கப்படும், மக்காது. இருபது ஆண்டுக் காலம் ஆண்டர்சன் இவற்றைப்பற்றி எண்ணியதில்லை. சட்டத்துக்கு அடங்கி நடக்கின்றோம், அது போதும் என்றே இருந்தார்.

1994ஆம் ஆண்டில் வாடிக்கையாளர் சிலர், ‘சுற்றுப்புறத்துக்காக உங்கள் நிறுவனம் என்ன செய்கின்றது?’ என்று கேட்கத் தொடங்கினர். விடை சொல்ல இயலாத ஊழியர்கள் ஒரு குழுவைக் கூட்டி, தலைவரே வந்து தொடக்கவுரை ஆற்ற வேண்டும் என்று வேண்டினர். அவருக்கோ சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவ்வேளையில் பால் ஹாக்கன் என்பவர் வணிகத்தையும் இயற்கையையும் பற்றி எழுதிய நூல் ஒன்று அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒரு தீவின் வரலாறு கூறப்பட்டிருந்தது. பேரிங் கடலில் உள்ள செயின்ட் மாத்யூ தீவில் 1944இல் 29 கலைமான்களைக் கொண்டுவந்து விட்டனர். மேய்ச்சலுக்குக் கற்பாசி நிறைய இருந்தது. அடித்துத் தின்னும் விலங்கு ஒன்றும் இல்லை. 1963இல் அவை 6,000 ஆகப் பெருகின. பாசி தீர்ந்தது. அடுத்து வந்த கடுங்குளிரில் மான்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1966இல் எண்ணியபோது எஞ்சியிருந்தவை 42. இதனைப் படித்தபோது தம் நெஞ்சில் ஈட்டி பாய்ந்தாற்போல் இருந்ததாக ஆண்டர்சன் பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். அப்போது அவருக்கு வயது அறுபது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதி நாளன்று அவர் அக்குழுவின்முன் நின்று, நிலத்திலிருந்து எடுப்பதைக் குறைத்துக் குறைத்து, முடிவில் ஒரு தீங்கும் செய்யாத நிறுவனமாக இதனை ஆக்க வேண்டும் என்றார். கேட்டவர்கள் வியந்தனர், தலைவரின் அறிவு பிறழ்ந்துவிட்டதோ என்று ஐயுற்றோரும் உண்டு.

தலைவர் ஒருவரின் மனமாற்றத்தால் பொறிகள் மாறிவிடா. பல நாடுகளில் பரவியிருந்த ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். அவர்களுக்கு இரு வகையான கல்வி தரப்பட்டது. முதலாவது, ஏன் என்பதைப்பற்றியது. சுவீடன் நாட்டுப் புற்றுநோய் மருத்துவர் காரல்-ஹென்ரிக் ராபெர்ட் 1989இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அறிவியலார் பலரையும் கலந்து, எல்லாரும் உடன்படும் சில அடிப்படைகளை மட்டும் எளிய நடையில் தொகுத்து, தம் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அஞ்சலில் அனுப்பியவர் அவர். நிலத்தின் ஆழத்திலிருந்து எடுப்பவையும், இயற்கையில் இல்லாதவாறு மனிதர் ஆக்குபவையும், இயற்கை மீட்டுக்கொள்ளும் வேகத்துக்கு மேல் குவிதல் கூடாது. காடும் கடலும் நிலமும் சிதைதல் கூடாது. மக்களின் தேவைகள் நிறைவேறாது தடுத்தலும் கூடாது என்பனவே அவ்வடிப்படைகள். இன்டர்ஃபேஸ் தன் ஊழியர்க்கு இவற்றைக் கற்பித்தது. பொறி ஓட்டுபவரும் தட்டச்சு செய்பவரும் ஒன்றாய் அமர்ந்து கற்றனர்.

இரண்டாவது கல்வி, கழிவு என்பது எது என்பதைப்பற்றியது. இதுவே நுட்பமானது. வெட்டி எறிந்த துண்டுதான் கழிவு என்று எண்ணியிருந்தவர்களிடம், வாங்குபவருக்குப் பயன் தராத எச்செலவும் கழிவே என்று சொல்லப்பட்டது. முதல்முறை சரியாகச் செய்யாமல் இரண்டாம் முறை செய்யும் வேலை கழிவு. தவறான முகவரிக்குச் சென்று திரும்பிய வண்டியின் ஓட்டம் கழிவு. இன்னும் ஒருபடி மேலே சென்று, நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் பெறும் ஆற்றல் முழுவதுமே கழிவு என்று வரையறுத்தார் ஆண்டர்சன். சேமித்துச் செலவிடுவது அன்று. நாளடைவில் அறவே ஒழிக்க வேண்டியது என்பது கருத்து. சொல்லின் பொருளை அகலமாக்கியதும், அதுவரை எவர் கணக்கிலும் ஏறாதவை எல்லாம் ஏட்டில் ஏறின. ஒவ்வோர் ஆலையிலும் சிறு சிறு குழுக்கள் தத்தம் பகுதியின் கழிவை அளந்து எழுதி, குறைக்கும் வழியைத் தேடின. ஓர் ஆலையில் கண்ட வழி மற்ற ஆலைகளுக்கும் தெரிவிக்கப்பட்டது.

பயிற்சி பெற்ற கண் எவ்வளவு காணும் என்பதற்கு, ஷாங்காய் நகரில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1997இல் இந்நிறுவனம் அந்நகரில் ஓர் ஆலை கட்ட முனைந்தது. அங்கே வெப்பமேற்றிய நீர்மத்தைக் குழாய்களின் வழியே சுற்றிவரச் செய்யப் பம்புகள் தேவைப்பட்டன. பெயர்பெற்ற பொறியியல் குழு ஒன்று வரைந்த திட்டப்படி, அப்பம்புகளுக்கு 95 குதிரைத்திறன் வேண்டியிருந்தது. யான் ஸ்கில்ஹாம் என்னும் டச்சுப் பொறியாளர் அத்திட்டத்தை மீண்டும் நோக்கினார். இளநீரை மெல்லிய குழலால் உறிஞ்சும்போது கன்னம் வலிக்கின்றது. அகன்ற குழலாயின் எளிதில் வருகின்றது. குழாயின் குறுக்களவு இருமடங்கானால், அதே அளவு நீர் ஓடும்போது எழும் உராய்வு ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடும். இதனைப் பொறியாளர் எவரும் அறிவர். எனினும், பருத்த குழாய்க்கு விலை மிகுதி, அதனால் மீதமாகும் மின்சாரம் அவ்வளவுக்கு ஈடாகாது என்று கணக்கிட்டு மெல்லிய குழாயையே அமைப்பது வழக்கம். உராய்வு குறைந்தால் பம்பும் மோட்டாரும் சிறியனவாகிவிடும், அவற்றின் விலையும் குறையும் என்பதை அக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்கில்ஹாம் சேர்த்தார்.

மற்றொன்றையும் அவர் மாற்றினார். முதலில் பொறிகளை நிறுத்திவிட்டு, பின்னர் அவற்றை இணைக்கக் குழாய்களை வளைத்தும் நெளித்தும் கொண்டுசெல்வதே எங்கும் உள்ள முறை. அவரோ முதலில் குழாய்களை நேராகவும் குறுகலான தூரத்திலும் வரைந்துகொண்டு, அவற்றுக்கு ஏற்ற இடங்களில் பொறிகளை நிறுத்தினார். நேரான குழாய்க்கு வெப்பக் காப்பு போர்த்துவதும் எளிதாயிற்று. முடிவில் அப்பம்புகளுக்குத் தேவைப்பட்ட திறன் 7 குதிரைத்திறனே. அமைப்பதற்கான செலவும் கூடவில்லை, குறைந்தது. இதில் புதிய கண்டுபிடிப்பு ஏதேனும் உண்டா? இல்லை. புதிய பொறி ஒன்றும் வாங்கப்படவில்லை. இம்முறையை ஸ்கில்ஹாம் அமெரிக்க அறிஞர் அமரி லவின்சு என்பவரிடம் கற்றார். அவரோ சிங்கப்பூர்ப் பொறியாளர் லீ எங் லாக் என்பவரிடமிருந்து கற்றவர்.

வடிவமைப்பாளர்கள் பெற்ற பயிற்சி வேறு வகையானது. டேவிட் ஓக்கி என்பவர் இந்நிறுவனத்தின் கம்பளங்களுக்கு வடிவம் தந்தவர். இயற்கையைப் பார்த்துத் தொழில் செய்வது எப்படி என்பதைப்பற்றி ஜானின் பென்யசு எழுதியவற்றால் ஈர்க்கப்பட்ட அவர், தம் குழுவினரைக் காட்டுக்கு அனுப்பி, இயற்கை தன் தரையை எவ்வாறு அமைத்திருக்கின்றது என்று கண்டுவரச் சொன்னார். அவர்கள் பூவும் இலையும் வரைந்த படங்களோடு திரும்புவார்கள் என்றே எவரும் எண்ணியிருப்பர். அவர்கள் கண்டுவந்ததோ வேறு. காட்டுத் தரையில் ஒரு சாண் இடம் போல் மற்றொரு சாண் இடம் இருப்பதில்லை. ஆயினும் முழுவதும் சேர்ந்து ஒன்றாய்த் தோன்றுகின்றது. சருகொன்றை எடுத்து வேறிடத்தில் போட்டாலும் வேறுபாடு தெரிவதில்லை. அதுவரை கம்பளச் சதுரங்கள் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றுபோல் இருக்க வேண்டியிருந்தன. சாயம் சிறிது வேறுபட்டாலும் தள்ளிவிடுவர். திசை மாறிப் பதித்தால் கண்ணை உறுத்தும். ஒன்றுபோல் மற்றொன்று இராத சதுரங்களை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டபோது இத்தொல்லைகள் நீங்கின. எத்திசையிலும் பதிக்கலாம். சாயம் சற்று மாறினும் தள்ள வேண்டுவதில்லை. ஓரிடத்தில் தேய்ந்தால் அச்சதுரத்தை மட்டும் பெயர்த்து வேறொன்றை வைக்கலாம். வாங்குவோரும் அதனையே விரும்பினர். கழிவை வீணாக்காது நிறுத்தியதால் தம் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 40 கோடி டாலர் மிஞ்சியது என்று 2009இல் ஆண்டர்சன் ஓர் அவையில் கூறினார்.

இத்தகைய பயிற்சி எங்கும் எளிதில் வேரூன்றும் என்று கருதுதல் தவறு. யோசனை சொல்ல வாயெடுக்கும் தொழிலாளியை இரண்டு அச்சங்கள் தடுக்கின்றன. ஒன்று, வேலை சுருங்கினால் தம் பிழைப்பு என்னாகும் என்பது. மற்றொன்று மேற்பார்வையாளரைப் பற்றியது: ‘இதனை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?’ என்று அவர் சினந்தால், அடுத்த யோசனை வாராது. இவ்வச்சங்களை நீக்காமல் எத்தனை வகுப்பு நடத்தினாலும் பயனில்லை. லூசியானாவில் டௌ வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆலைகளில் கென் நெல்சன் என்னும் பொறியாளர் 1982இல் ஒரு போட்டியை நடத்தினார். ஆற்றலை மிச்சப்படுத்தும் வேலை எதுவாயினும், போட்ட முதல் ஓராண்டில் திரும்பி வருமாயின், அதனை எழுதித் தரலாம் என்பது விதி. முதலாண்டில் 27 வேலைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுக்கு இட்ட முதல், ஆண்டுக்கு 173 விழுக்காடு ஆதாயம் தந்தது. எளிதில் எட்டும் கனிகள் பறித்தாயிற்று, இனி மரத்தில் ஒன்றுமிராது என்று சிலர் கருதினர். மறுஆண்டு 32 வேலைகள் வந்தன. ஆதாயம் 340 விழுக்காடு. தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் அம்மரம் காய்த்தது. கேட்கக் கேட்கச் சொல்வார்கள் என்பதை நெல்சன் அறிந்திருந்தார்.

இவ்வளவு புகழ்ந்த பின், மறைக்கக்கூடாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாத்திரைப் பூச்சை மாற்றிய அதே 3எம் நிறுவனம், நீரும் எண்ணெயும் ஒட்டாத தன்மையைத் தரும் ஃபுளோரின் வேதிப்பொருள்களை 1950ஆம் ஆண்டுகள் முதல் செய்துவந்தது. அவை எளிதில் சிதையாதவை. குடிநீரிலும் மனிதர் குருதியிலும் அவை கலந்திருப்பது தெரியவந்தது. 2000ஆம் ஆண்டில் அவற்றுள் சிலவற்றைக் கைவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இவ்வகைப் பொருள்கள் அனைத்தையும் செய்வதை 2025இன் இறுதிக்குள் நிறுத்துவதாக 2022இல் அறிவித்தது. அமெரிக்காவின் குடிநீர் அமைப்புகளுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் தருவதற்கு 2023இல் அது உடன்பட்டது. ஊழியர் தந்த ஆயிரக்கணக்கான நல்ல யோசனைகள் பொய்யாகிவிடவில்லை. ஆனால், அவர்கள் வினவப்பட்டது, பொருளை எவ்வாறு குறைந்த கழிவோடு செய்வது என்பதைப்பற்றியே. அப்பொருளைச் செய்யத்தான் வேண்டுமா என்னும் வினா, ஆலையின் தளத்தில் நின்றவர்களிடம் கேட்கப்படும் வினா அன்று. அது மேல்மாடியில் முடிவு செய்யப்படுவது. ஆதலின், பயிற்சி கீழிருப்போர்க்கு மட்டும் உரியது என்று கொள்ளலாகாது. ஆண்டர்சன் முதலில் தம்மையே மாணவராக்கிக் கொண்டார் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

அவர் 2011இல் காலமானார். வகுத்த குறிக்கோளை எட்டிவிட்டதாக நிறுவனம் 2019இல் அறிவித்தபோது அதனைக் கேட்க அவர் இல்லை. அவர் வாழ்நாளில் தம் நூல் ஒன்றில் விருப்பத்தோடு எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆலையைப் பார்க்க வந்த அம்மையார் ஒருவர், ஃபோர்க்லிஃப்ட் என்னும் பாரந்தூக்கி வண்டியில் கம்பளச் சுருளை ஏற்றிச் சென்ற தொழிலாளி ஒருவரை நிறுத்தி, ‘உமக்கு இங்கே என்ன வேலை?’ என்று கேட்டார். உலகைக் காப்பதற்கு உதவவே நாள்தோறும் வருவதாக அவர் விடை கூறினார். அம்மையார் வியப்புற்று மேலும் மேலும் வினவினார். அத்தொழிலாளியும் பொறுமையாக விடை சொல்லிக்கொண்டே வந்தார். இறுதியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தம் வண்டியிலுள்ள சுருள் உடனே பொறிக்குச் சென்று சேராவிடில் அன்றைய கழிவுக் கணக்கு ஏறிவிடும் என்று சொல்லி, வண்டியைத் திருப்பிக்கொண்டு விரைந்தார்.